கணக்கு கடினமாகவே இருக்கட்டும்

எங்கள் பள்ளிப் பெற்றோர் குழுவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். தொடக்கநிலை 5 பிள்ளைகளுக்குத் தரும் கணக்குகள் ரொம்பக் கடினம், குறையுங்கள் என்று முதல்வருக்கு நீங்கள் தயாரித்திருக்கும் மனுவில் என் கையெழுத்து இல்லை. ஏன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் இந்த மடல்.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினோரு வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இங்கே சொல்லப்போவது என் வருமானத்துக்கு நல்லதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பையன். அவனுக்குக் கொடுத்த கணக்கு இது: ஒருவன் தன் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் செலவழிக்கிறான், மீதியில் மூன்றில் ஒரு பங்கைத் தம்பிக்குக் கொடுக்கிறான், கையில் 48 வெள்ளி இருக்கிறது, முதலில் எவ்வளவு? ஐந்து கட்டம் போட்டான், இரண்டைக் கறுப்பாக்கினான். அப்புறம் மொத்தக் கட்டத்தையும் மூன்றாகப் பிரிக்கப் பார்த்தான். வரவில்லை. அழித்தான், மறுபடி போட்டான், தாள் கிழிந்தது. பென்சிலைப் பிடுங்கிக் காட்டிவிடலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஏழு நிமிடம். "டீச்சர், மீதியே மூணு கட்டம்தான்!" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. சரியாக அந்த நேரம் அவன் அம்மா வாசலில் வந்து நின்றார். "இன்னும் முதல் கணக்கிலேயேவா இருக்கே?" பையன் உள்ளங்கையால் தாளை மூடிக்கொண்டான்.

120 வெள்ளி என்ற விடையை அன்றைக்கு அவன் எழுதவே இல்லை.

அந்த ஏழு நிமிடமும் கடினம்தான், ஆனால் அவன் பயப்படவில்லை. அம்மா வாசலில் வந்து நின்ற பிறகுதான் பயம் வந்தது. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் இருவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்பான பெட்டிக்குள் போனால் மின் அதிர்ச்சி. பெட்டிகளை எளிதாக வேறுபடுத்த முடிந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வேறுபடுத்துவது கடினமானதும், அதிர்ச்சி குறைவாக இருந்தபோதுதான் நன்றாகக் கற்றன. நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர்: கணக்கு கடினமாகும்போதுதான் நம் குரலும் ஏறுகிறது.

பள்ளி குறைத்தால் சரியாகிவிடும் என்கிறீர்கள். குறைத்துக்கொண்டேதானே வருகிறார்கள்? 2019 முதல் தொடக்கநிலை 1, 2க்கு மதிப்பெண் தேர்வே இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் பழைய டி-ஸ்கோர் மதிப்பெண் 2021இல் போனது. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகள் எல்லா வகுப்பிலும் நின்றன. ஆனால் சிங்கப்பூர்க் குடும்பங்கள் டியூஷனுக்குச் செலவழிப்பது 2018இல் 1.4 பில்லியன் வெள்ளியாக இருந்தது, 2023இல் 1.8 பில்லியன். (அதில் என் பங்கு கடுகளவு.) அந்தப் பணத்துக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் வழியைச் சொல்லிக் கொடுத்து, பிள்ளை தடுமாறாமல் பார்த்துக்கொள்கிறோம்.

தடுமாறத்தான் விட வேண்டும் என்பதை இதே ஊரில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகத்தில் இருந்தபோது மனு கபூர் என்ற கல்வி ஆராய்ச்சியாளர், முதலில் பிள்ளைகளைத் தாங்களாகவே முட்டிமோத விட்டு, பிறகு பாடம் நடத்திப் பார்த்தார். முதலிலேயே பாடம் கேட்டவர்களைவிட இவர்கள் கருத்தை ஆழமாகப் பிடித்தார்கள். பிறகு பாடம் நடத்தினார் என்பது முக்கியம், அப்படியே விட்டுவிடவில்லை.

இரவு பதினோரு மணிவரை உட்கார்ந்து தூக்கம் கெடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தேர்வன்று காலையில் வாந்தி எடுக்கும் பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். அதை நான் மறுக்கவில்லை. இருபது கணக்கை ஐந்தாக்கச் சொல்லுங்கள், முதல்வர் அறைக்கு நானும் கூட வருகிறேன். ஆனால் அந்த ஐந்தும் கடினமாகவே இருக்கட்டும்.

மனுவின் இரண்டாம் பத்தியை மட்டும் மாற்ற முடியுமா? "கடினமான கணக்குகளைத் தவிர்க்கவும்" என்பதை எடுத்துவிட்டு, "எண்ணிக்கையைக் குறைக்கவும், முதல் முயற்சிக்கு மதிப்பெண் போட வேண்டாம், தவறுகளை வகுப்பிலேயே பேசித் திருத்த நேரம் தரவும்" என்று போடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றினால் அன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
தொடக்கநிலை 5இல் படிக்கும் ஒரு பையனின் அம்மா