நாலு சுவர் குறையல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மேடை நாடகங்கள் படமானது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். சபா நாடகங்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதாத காலத்தில் இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் அடிப்படைக் கருத்தை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கதை வீட்டை விட்டு வெளியே வந்தால் அது சினிமா, நாலு சுவருக்குள்ளேயே நடந்தால் அது படம்பிடித்த நாடகம் என்கிறார் கட்டுரையாளர். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமே தேறாது. 1965-இல் வந்த 'நீர்க்குமிழி' கிட்டத்தட்ட முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. அங்கிருந்து எழுந்து போக முடியாதவர்களின் கதை அது. அவர்களை வெளியே அழைத்துப் போய்க் கடற்கரையில் ஓடவிட்டால் கதையில் என்ன மிஞ்சும்?

நாடக வாடை எங்கிருந்து வருகிறது என்று சபாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மேடைக்கு மேலே மைக் தொங்கும். வசனம் உள்ளவர் அதற்குக் கீழே வந்து நின்று சொன்னால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். நடுவில் சோபா, ஒரு பக்கம் வாசல், இன்னொரு பக்கம் சமையலறை. பேசுகிற நாலு பேரும் வரிசையாக நம்மைப் பார்த்தே நிற்பார்கள், யாரும் முதுகைக் காட்ட மாட்டார்கள். ஒரு ஜோக் எடுபட்டுவிட்டால் நடிகர் அடுத்த வசனத்துக்குப் போகாமல் மேஜை மேல் இருக்கும் பேப்பரை எடுத்து நிதானமாக மடிப்பார், தோளில் இருக்கும் துண்டை உதறிப் போட்டுக்கொள்வார். சிரிப்பு அடங்கப்போகிற நேரம் பார்த்து அடுத்த வரி வந்து விழும். சென்னையில் வாணி மகால் அரங்கில் ஒரு நொடி நிற்கிற இடத்தில் நாரத கான சபாவில் மூன்று நொடி நிற்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கு அன்றைய கூட்டத்தின் கையில் இருக்கிறது.

படத்தில் அந்தக் கணக்கு எடிட்டர் கைக்குப் போய்விடுகிறது. ஒரு முறை வெட்டி ஒட்டிவிட்டால் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் அதுதான். வரிசையாக நிற்பதையும் உரக்கப் பேசுவதையும் சிரிப்புக்காக விட்ட இடைவெளியையும் அப்படியே கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தால் படம் தள்ளாடத்தான் செய்யும். சுவர் மேல் பழி போட்டுப் பயனில்லை.

'எதிர் நீச்சல்' (1968) படத்தைப் பாருங்கள். அதுவும் மேடையில் நடந்த நாடகம்தான். ஒண்டுக்குடித்தன வீடு, மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்ளும் மாது என்கிற இளைஞன். அந்த வீட்டில் இருமல் தாத்தா என்று ஒருவர் உண்டு. இருமல் சத்தம் மட்டும் கேட்கும், ஆளைக் காட்டவே மாட்டார்கள். மேடையில் பக்கவாட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தால் போதும், அங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்று நாம் நம்பிவிடுவோம். கேமராவுக்கு அந்த அறைக்குள் போக எந்தத் தடையும் இல்லை. இருந்தும் பாலசந்தர் போகவில்லை. நாடகத்தில் எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது.

கட்டுரையில் என்னை மிகவும் வருத்தியது 'கௌரவம்' (1973) பற்றிய ஒரே வரி. வியட்நாம் வீடு சுந்தரத்தின் 'கண்ணன் வந்தான்' நாடகம் அது. படத்தை இயக்கியவரும் அவரே. பாரிஸ்டர் ரஜினிகாந்த் என்ற பாத்திரமும் அவர் எடுத்து வளர்த்த கண்ணனும் ஒரே கோர்ட்டில் எதிரெதிரே நிற்கிறார்கள். மேடையில் இதற்கு இரண்டு நடிகர்கள் வேண்டும். படத்தில் இரண்டு பேரும் சிவாஜி. இதை வெறும் இரட்டை வேடக் கவர்ச்சி என்று கட்டுரையாளர் தள்ளிவிட்டார். எனக்கு அது படத்தின் உயிராகவே தெரிகிறது. கண்ணனுக்குப் பெரியப்பாவான பாரிஸ்டர் தோற்கிறார், தோற்கடிக்கிற முகமும் அவர் முகமாகவே இருக்கிறது. வளர்த்த பாசத்தையும் பட்ட அவமானத்தையும் வசனம் இல்லாமலே இது சொல்லிவிடுகிறது. மேடையில் இதைச் செய்யவே முடியாது.

ஆனால் இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மேடையில் கண்ணன் வாதாடும்போது பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவையே நான் பார்த்துக்கொண்டிருக்கலாம். என் கண், என் இஷ்டம். படத்தில் எப்போது யாரைக் காட்டுகிறார்களோ அவரைத்தான் பார்க்க முடியும். நாடகம் படமாகும்போது நடக்கிற பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது இதைத்தான், வெளிப்புறப் படப்பிடிப்பை அல்ல.

இன்னொரு இழப்பை எம்.ஆர். ராதா விஷயத்தில் பார்க்கலாம். திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் அவர் அன்றன்றைய செய்திகளை வசனத்துக்கு நடுவே இழுத்துவந்து பிய்த்து உதறுவார் என்பது ஊரறிந்தது. ஒரு நாள் பேசியது மறுநாள் இருக்காது. 1954-இல் படம் வந்தது. அதில் அவருடைய குரலும் இழுப்பும் நையாண்டியும் அப்படியே இருக்கின்றன, இன்றைக்கும் குலுங்கிச் சிரிக்கிறோம். ஆனால் அவை 1954-ஓடு நின்றுவிட்டன. படம் வந்த பிறகும் ராதா அந்த நாடகத்தை மேடை மேடையாக நடத்திக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் என்னவெல்லாம் பேசினார் என்பது படத்தில் இல்லை.

இதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'கௌரவம்', 'வியட்நாம் வீடு' எல்லாம் இன்று செல்போனிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. அவை மேடையில் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. எந்தக் காட்சியில் திரை விழுந்தது, படத்துக்காக எதைச் சேர்த்தார்கள், எதை வெட்டினார்கள் என்று சொல்லக்கூடிய நடிகர்களும் செட் போட்டவர்களும் லைட் பார்த்தவர்களும் இதே சென்னையில் முதுமையில் இருப்பார்கள். சிலரிடம் மேடைப் பிரதிகளும் இருக்கலாம். இந்தத் தொடரின் அடுத்த பகுதிக்கு முன்பாக அவர்களைத் தேடிப்போய்ப் பேசச் சொல்லுங்கள். ஒரே ஒரு காட்சிக்காவது மேடை வசனத்தையும் பட வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சபா நாடக ரசிகர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33.