குடை சிஸ்டர்

வண்டிப்பெரியாறு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாக்கியம்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. மகளுக்குப் பெண் குழந்தை என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். கம்பத்தில் வெயிலாமே, இங்கே மழை விட்டபாடில்லை.

சரி, எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பங்குக் கோவிலிலிருந்து பஸ் பிடித்துப் புல்லுவழிக்குப் போய் வந்தோம். மூவாற்றுப்புழை தாண்டி, பெரும்பாவூருக்கு முன்னால் எம்.சி. ரோட்டிலேயே இருக்கிறது. ராணி மரியா சிஸ்டர் 1954-இல் பிறந்த ஊர். விவசாயக் குடும்பத்துப் பெண். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து வடக்கே போனவர், கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் ஆதிவாசிகளோடு இருந்தார். நிலமில்லாத கூலி ஜனங்கள், வட்டிக்காரர்கள் பிடியில் கிடந்தார்கள். சேர்ந்து சேமிக்கவும், பேங்கில் கடன் கேட்கவும், அரசாங்க உதவியைக் கேட்டு வாங்கவும் சொல்லிக்கொடுத்தார். அதுதான் பகையானது. 1995 பிப்ரவரி 25-ஆம் தேதி, கேரளாவுக்கு வரக் கிளம்பி இந்தூர் பஸ்ஸில் போனவரை, ஏவிவிட்ட ஆள் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான். பஸ்ஸில் ஆட்கள் இருக்கும்போதே, பாக்கியம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நாம் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், நம் பத்தாம் நம்பர் லயம்தான் கண்முன்னே வந்தது. கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வருவாரே, நினைவிருக்கிறதா? அக்கா கல்யாணத்துக்கு அம்மா கடைக்காரரிடம் வட்டிக்கு வாங்கியிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் சிஸ்டர் எங்கள் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, என் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அம்மா சொல்லச் சொல்ல எழுதினார். வாங்கியது ஒரு பக்கம், கட்டியது ஒரு பக்கம். கூட்டிப் பார்த்தால், அசலைப் போல இரண்டு மடங்கு எப்போதோ கட்டியாகிவிட்டது. கொழுந்துக் கறை படிந்த விரலால் அம்மா அந்தத் தொகையைத் தடவித் தடவிப் பார்த்தது இன்னும் அப்படியே இருக்கிறது. அப்புறம் நாலு தடவை அம்மாவைப் பேங்குக்குக் கூட்டிப்போனார். அதற்கு முன்பே கையெழுத்துப் போடவும் பழக்கிவிட்டார். அந்தக் கடையில் எங்களுக்கு அரிசி கடன் நின்றுபோனது. சிஸ்டரையும் வழியில் நிறுத்தி மிரட்டினார்கள். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. புல்லுவழியில் நிற்கும்போதுதான் கை நடுங்கியது. இதே வேலைக்குத்தானே ஒரு உயிர் போயிருக்கிறது!

இன்னொன்று. கொன்றவனுக்கு ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியாஸ்திரிதான், 2002-இல் ஜெயிலுக்கே போய் ராக்கி கட்டினாராம். விடுதலையாகி அவன் புல்லுவழி வீட்டுக்கு வந்தபோது, ராணி மரியாவைப் பெற்ற தாய் அவன் கைகளை எடுத்து முத்தமிட்டார் என்கிறார்கள். 2017-இல் இந்தூரில் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்த அன்று அவனும் வந்திருந்தானாம். எனக்கு இந்த மனசு இல்லை, பாக்கியம். அந்தக் கடைக்காரர் செத்து எத்தனையோ வருஷமாகிறது. இன்னும் அந்தக் கடை வாசல் வழியாக நான் போவதில்லை. பூசையில் இதைச் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறேன்.

நம் சிஸ்டரின் பெயர் உனக்குத் தெரியுமா? குடை சிஸ்டர், குடை சிஸ்டர் என்றே கூப்பிட்டுவிட்டோம். மாற்றலாகிப் போனபோது எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. மடத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், பெயராவது இருந்தால் தேட வசதியாக இருக்கும். உன் அண்ணனிடமும் கேட்டுப் பார். அவன்தான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே திரிவான்.

பிப்ரவரி 25-ஆம் தேதி பூசைக்கு நீ மேலே வந்துவிடு. குமுளியில் இறங்கினால் பேரனை அனுப்புகிறேன்.

அன்புடன்,
லூர்து