ஓட்டு ஊரில், வீடு இங்கே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நெல்லையைச் சுற்றி முளைத்திருக்கும் நகர்களும் காலனிகளும் எந்தக் கட்சிப் பக்கம் சாய்கின்றன என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே அப்படி ஒரு நகரில் பதினேழு வருடமாகக் குடியிருப்பவன் நான். சாய்வைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று. எங்கள் தெருவில் 34 வீடுகள். வாக்காளர் பட்டியலில் பாதி வீடுகளுக்குக்கூடப் பெயர் இல்லை.

"எங்க ஓட்டு ஊர்லலா இருக்கு அண்ணாச்சி" என்பார்கள். தேர்தல் நாள் காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். பொங்கலுக்குக் கிளம்புவது மாதிரி கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வள்ளியூர் பஸ்ஸைப் பிடிக்க ஒரு குடும்பம், அம்பாசமுத்திரம் பக்கம் காரில் ஒரு குடும்பம், சாத்தான்குளத்துக்குப் பைக்கில் அப்பாவும் மகனும். பத்து மணிக்குத் தெரு வெறிச்சோடிவிடும்.

நானும் அப்படிப் போனவன்தான். எனக்கு நாங்குநேரி பக்கம். 2016இல் காங்கிரஸ் ஜெயித்தபோதும், 2019 அக்டோபர் இடைத்தேர்தலில் அதிமுக ஜெயித்தபோதும், 2021இல் மறுபடி காங்கிரஸ் வந்தபோதும் நான் படித்த பள்ளிக்கூடத்தில்தான் வரிசையில் நின்றேன். பெயரை எடுத்துவிட்டால் ஊரோடு இருக்கும் ஒட்டு அறுந்துபோகும் என்று ஒரு பயம். அதோடு, உள்ளாட்சித் தேர்தல் வந்தால் சித்தப்பா மகன் நிற்பான், பெரியம்மா மருமகன் நிற்பான். நம் ஓட்டு இல்லையென்றால் முகத்தில் முழிக்க முடியாது.

அந்த எண்ணத்தை மாற்றியது 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மழை விட்ட பிறகும் வடிய வழியில்லை. ஓடை போன இடத்தில் மனை போட்டிருக்கிறார்கள், தண்ணீர் போகும் வாறுகால் பாதியில் நிற்கிறது. நாலு பேராகச் சேர்ந்து உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவரைப் பார்க்கப் போனோம். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "உங்க தெருவுல மொத்தம் எத்தன ஓட்டுங்க?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. எங்களோடு வந்த டீச்சரம்மா வீட்டுக்குத் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதமே 8ஆம் எண் படிவம் கொடுத்துப் பெயரை இங்கே மாற்றிக்கொண்டேன். 2024 ஏப்ரல் 19 அன்று, பதினைந்து வருடமாகக் குடியிருந்த ஊரில் முதல் முறையாக ஓட்டுப் போட்டேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1950ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் வாக்காளர். ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே வசிப்பவராகக் கருத முடியாது என்று 20ஆவது பிரிவில் தெளிவாக இருக்கிறது. பூட்டிக்கிடக்கும் பூர்வீக வீட்டைக் காட்டி ஓட்டை வைத்துக்கொள்ள அதில் இடமில்லை.

இனி சாய்வுக்கு வருகிறேன். ஊரில் ஓட்டு குடும்பத்தோடு போகும். சாதி சனம் பேசி வைத்ததுபடி போகும். இங்கே கதவுக்குக் கதவு மாறுகிறது. ஒரே வீட்டில் மாமனாருக்கு ஒரு சின்னம், மருமகளுக்கு வேறு சின்னம். 2021இல் தாமிரபரணி ஆற்றுக்கு வடக்கே திருநெல்வேலி தொகுதி அதிமுக கூட்டணியில் பாஜகவின் நயினார் நாகேந்திரனைத் தேர்ந்தெடுத்தது. தெற்கே பாளையங்கோட்டையில் திமுகவின் அப்துல் வஹாப் 50,000 ஓட்டுக்கு மேல் முந்தினார். பத்தே மாதத்தில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் மொத்தம் 55 வார்டு. அதிமுகவுக்குக் கிடைத்தது 4. ஆளுக்கும் தேர்தலுக்கும் ஏற்ப மாற்றிப் போடுகிறவர்கள் எங்கள் மக்கள். பாளையங்கோட்டையைத் திமுக கோட்டை என்கிறீர்களே, அந்தக் கோட்டையே 2011இல் மார்க்சிஸ்ட் வேட்பாளரிடம் 605 ஓட்டில் தப்பியது. 2016இல் திருநெல்வேலியில் திமுக ஜெயித்தது 601 ஓட்டில். அதே வருடம் ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49; தபால் ஓட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அறுநூறு ஓட்டு என்பது எங்களைப் போல நாலைந்து நகர்களில் பட்டியலில் இல்லாமல் இருக்கும் பெயர்கள்தான்.

என் அக்கம்பக்கத்தாரிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுங்கள், சாமி கும்பிடப் போங்கள், ஊர் எங்கேயும் போய்விடாது. தண்ணீர் வராதது இங்கே, தெருவிளக்கு எரியாதது இங்கே, பிள்ளைகள் சைக்கிளில் விழுவது இந்த ரோட்டில். ஓட்டும் இங்கே இருக்கட்டும். இதுவரை ஆறு வீட்டார் மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் நிருபர் புறநகருக்கு வரும்போது, யாருக்கு ஓட்டு என்று கேட்பதற்கு முன் ஓட்டு எங்கே இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பாகத்து வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக அவரோடு நடக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.