மாஸ்க் போட்டும் மறையாத லேயர் எஃபெக்ட்: ஆல்பம் அச்சில் கெட்டது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். மதுரையில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். உங்கள் போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு லேயரின் (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கின்) பகுதியை அழிக்காமல் மறைப்பது மாஸ்க்; லேயருக்குக் கோடு, நிழல் போலச் சேர்க்கும் அலங்காரம் லேயர் எஃபெக்ட். கடைசியாக வந்த அப்டேட்டுக்குப் பிறகு, மாஸ்க்கால் மறைத்த இடத்திலும் லேயர் எஃபெக்ட் எக்ஸ்போர்ட்டில் (படமாக வெளியே எடுக்கும்போது) தெரிந்துவிடுகிறது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. அச்சு லேபுக்குப் போகும் ஜேபெக் படத்தில்தான் கெடுகிறது. இதனால் ஒரு ஆல்பத்தின் முகப்பு விரிப்பை (இரு பக்கமும் சேர்ந்து விரியும் தாளை) என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த விரிப்பு 12×36 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ). மணமக்களின் பெயர் பெரிய எழுத்தில், தங்க நிறத்தில் வரும். ஸ்ட்ரோக் (ஓரக் கோடு), பெவல் (புடைப்பு), டிராப் ஷேடோ (நிழல்) ஆகிய மூன்று எஃபெக்ட்டும் அதற்கு உண்டு. கடைசி எழுத்தின் வளைவு மணப்பெண்ணின் மருதாணிக் கைக்குப் பின்னால் போய் மறைய வேண்டும். எழுத்து லேயருக்கு மாஸ்க் போட்டு, விரல் வரும் இடங்களில் எழுத்து மறையும்படி மாஸ்க்கில் கறுப்பால் தீட்டினேன். ஆனால் இந்த வேலை அதோடு முடியாது என்பது இதில் புழங்குகிற எல்லோருக்கும் தெரியும். லேயரில் எது வெளியே தெரிகிறதோ அதன் ஓரத்தைப் பிடித்துத்தான் எஃபெக்ட் ஓடும். மாஸ்க்கால் எழுத்தை வெட்டினால், வெட்டிய இடத்தையும் ஓரமாக எடுத்துக்கொண்டு அங்கேயும் தங்கக் கோடு இழுத்துவிடும். இதைத் தடுக்கத்தான் ஃபோட்டோஷாப்பின் பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் ‘லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்’ என்ற டிக் இருக்கிறது. உங்கள் மென்பொருளிலும் அதே வசதி உண்டு, அதை நான் போட்டுத்தான் இருந்தேன். இன்னொரு வழி, லேயரை ஒரு குரூப்புக்குள் வைத்து மாஸ்க்கைக் குரூப்புக்குக் கொடுப்பது. எஃபெக்ட் முதலில் முழுதாக உருவாகி, அப்புறம் மொத்தமாக வெட்டுப்படும். அப்டேட்டுக்கு முன்னால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்தன.

உங்கள் மென்பொருளிலிருந்தே லேபுக்கு நேராக அனுப்பும் வசதியைப் பயன்படுத்தினேன். அச்சாகி வந்த விரிப்பில் ஒவ்வொரு விரலைச் சுற்றியும் தங்கக் கோடு, மருதாணிக் கோலத்தின் மேல் கறுப்பு நிழல். பெண்ணின் அம்மா பார்த்துவிட்டு, “கையை வேற போட்டோவுல இருந்து வெட்டி ஒட்டினீங்களா தம்பி?” என்று கேட்டார். அந்தக் கையில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. இதை அவருக்கு எப்படி விளக்குவது?

பிறகு அதே ஃபைலைச் சோதித்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் காட்டுவதற்காகச் சிறிய அளவில் எடுத்தால் கோளாறு இல்லை. 10,800 பிக்சல் அகலத்தில், அச்சுக்கு உரிய முழு அளவில் எடுத்தால் மட்டும் டிக் போட்டதையும் மதிப்பதில்லை, குரூப் மாஸ்க்கையும் மதிப்பதில்லை. ஆகவே கோளாறு என் ஃபைலில் இல்லை, பெரிய அளவு எக்ஸ்போர்ட்டில்தான் இருக்கிறது. இரண்டு ஜேபெக்கும் மூல ஃபைலும் இத்துடன் இணைத்துள்ளேன்.

உங்கள் உதவிப் பிரிவு சொன்ன பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. எழுத்து லேயரை ராஸ்டரைஸ் செய்துவிட்டு (திருத்த முடியாத வெறும் படமாக மாற்றிவிட்டு), வேண்டாத இடத்தை எரேசரால் அழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஆல்பம் லேபுக்குப் போகிற அன்று காலையில்கூட, நியூமராலஜிப்படி பெயரில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொல்லி போன் வரும். எழுத்து எழுத்தாகவே இருந்தால் அதை நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடலாம். ராஸ்டரைஸ் செய்துவிட்டால் பெயரை முதலிலிருந்து அடித்து, விரல் விரலாக மறுபடி அழிக்க வேண்டும். லேயர் எஃபெக்ட் ஃபோட்டோஷாப் 5.0-இல் 1998-லேயே வந்த விஷயம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருள்கூட 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், ஃபில்டரைப் படத்தில் நிரந்தரமாகப் பதிக்காமல் தனியாக வைத்துக்கொள்ள வழி செய்துவிட்டது. சந்தா கட்டுகிற என்னிடம் நீங்கள் எரேசரை எடுக்கச் சொல்கிறீர்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், புதுப் பதிப்பில் ஒருமுறை சேமித்த ஃபைலைப் பழையது திறப்பதில்லை. அப்டேட் போடும்போது இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கையும் வரவில்லை.

முழு அளவு எக்ஸ்போர்ட்டில் உள்ள இந்தக் கோளாறை ஒப்புக்கொண்டு, எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை பழைய பதிப்பையும், புது ஃபைல்களை அதில் திறப்பதற்கான வழியையும் கொடுங்கள். மறு அச்சுக்கு லேப் போட்ட பில்லை இணைத்துள்ளேன். அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். பிழை சரியாகும் வரையிலான நாட்களைச் சந்தாவில் கூட்டித் தர வேண்டும். கூப்பன், தள்ளுபடி எதுவும் வேண்டாம்.

பதினைந்து நாட்களுக்குள் தகுந்த பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். தேவைப்பட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்கும் போவேன். அடுத்த முகூர்த்த ஆல்பங்கள் கையில் இருப்பதால், அதற்கு முன்பே பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
ஆல்பம் வடிவமைப்பாளர், மதுரை.

இணைப்பு: மூல ஃபைல், இரண்டு ஜேபெக், அச்சான விரிப்பின் படம், லேப் பில்.