ஒன்றரை ஷிப்டில் உற்பத்தி கூடுகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூர் பின்னலாடைக் கூடங்களில் ஏற்றுமதித் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட்தான்: காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. நேரம் கூடினால் பீஸ் கூடும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. மாலை ஆறுக்குப் பிறகு, துணி விளிம்பை வெட்டியபடியே தைக்கும் ஓவர்லாக் மெஷின் அருகே நின்று பார்த்தால் அது பொய்த்துப்போவது தெரியும். கண் சோர்ந்ததும் துணியின் இரு விளிம்புகளும் சேராமல் தையல் விட்டுப்போகிறது, சைஸ் லேபிள் மாறுகிறது, மெஷின் கத்தி துணியை உள்வாங்கி வெட்டிவிடுகிறது. செக்கிங்கில் திரும்பும் பீஸைப் பிரித்துத் தைக்க, புதிதாகத் தைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். வெட்டுப்பட்டது கழிவுக்குத்தான் போகும். மறுநாள் காலை கை வேகமும் குறைகிறது. களைத்த ஆள் வராவிட்டால், ஒருவர் பின் ஒருவராகத் தைக்கும் லைனே தேங்குகிறது.

12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதாவைத் தமிழக அரசு 2023 மே மாதம் திரும்பப் பெற்றது. கூடங்களில் அந்த நேரம் இன்னும் ஓடுவது வேதனை தருகிறது.

மணிக்கு மணி பீஸ் எண்ணிக்கை எழுதும் பலகையில் ஆல்டர் (பிரித்துத் தைக்கத் திரும்பும் பீஸ்) எண்ணிக்கைக்கும் ஒரு வரிசை போடுங்கள். இரண்டு வாரம் எழுதிவிட்டு, ஆறு மணிக்கு மேல் தேறிய பீஸ்களை மட்டும் கூட்டிப் பார்த்து ஷிப்டை முடிவு செய்யுங்கள்.

– தையல் பிரிவு மேற்பார்வையாளர்கள், திருப்பூர்