கணினி அறைச் சாவியை இரண்டு நாள் கொடுங்கள்

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பி.டி.ஏ. பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலை பூட்டுகிற கணினி அறை திங்கள் காலையில்தான் திறக்கிறது. நடுவில் வருகிற ஒரே ஒரு சனி, ஞாயிறைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்த இரண்டு நாளில் அவர்கள் இருவருக்கு ஒன்று வீதம் ஒரு கணினி விளையாட்டைத் தொடங்கி, முடித்து, மற்றவர் கையில் கொடுப்பார்கள். இதற்குப் பெயர் கேம் ஜாம்.

லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்கள் 2018 முதல் உங்கள் பள்ளிகளில் நடக்கின்றன. அதில் ஸ்க்ராட்ச் (கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) பழகிய பிள்ளைக்குப் பூனையை நகர்த்தத் தெரியும், சுவரில் மோதினால் திருப்பத் தெரியும். அதற்கடுத்த படிக்கு யூடியூப்தான். இருபது வீடியோ பார்த்து வரிக்கு வரி தட்டச்சு செய்த பிள்ளையிடம் வெற்றுத் திரையைக் கொடுத்து “நீயாக ஒன்று செய்” என்றால் கை நின்றுவிடுகிறது. பிள்ளையின் அறிவில் குறையில்லை. எதை வைப்பது, எதை விடுவது, எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது, எல்லாவற்றையும் வீடியோக்காரரே தீர்மானித்துவிடுகிறார். அந்தத் தீர்மானங்களைப் பிள்ளையே எடுக்கும்படி செய்வதுதான் ஜாம். ஒரு தலைப்பு, ஒரு கெடு, கையில் இருக்கிற கருவி, அவ்வளவுதான்.

இது புதிய பழக்கமில்லை. லூடம் டேர் என்ற இணையக் கேம் ஜாம் 2002-இல் தொடங்கியது. அதன் தனிநபர் பிரிவுக்கு 48 மணி நேரம். குளோபல் கேம் ஜாம் 2009 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் உலகின் பல ஊர்களில் நடக்கிறது. அதைப் போட்டி என்று அவர்கள் சொல்வதே இல்லை. டிரைஜாம் என்று வாராவாரம் ஒன்று உண்டு, அதற்கு மூன்றே மணி நேரம். ஆகவே 48 என்ற எண்ணில் மந்திரம் எதுவுமில்லை. இரவு கண்விழித்துச் செய்ய வேண்டியதும் இல்லை. நம் பக்கத்தில் கடைசி பஸ்ஸைப் பிடித்து எஸ்டேட் லயத்துக்குத் திரும்ப வேண்டிய பிள்ளைகள்தான் அதிகம். இரவுத் தங்கல் என்றால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பாதிப் பேர் இல்லாத ஜாமை நடத்துவதில் எங்களுக்கு விருப்பமில்லை. காலை 9.30 முதல் மாலை 4 வரை, இரண்டு நாள். சாப்பாட்டு நேரம் போகப் பதினொரு மணி நேரம் போலக் கிடைக்கும், தாராளம்.

கணினியில் எதையும் புதிதாக நிறுவ வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். எட்டாம் வகுப்புக்கும் முதல்முறை வருபவருக்கும் ஏற்கெனவே இருக்கிற ஸ்க்ராட்ச் போதும். ஒன்பது, பத்து வகுப்பில் விரும்புகிறவர்களுக்கு, கணினி விளையாட்டு செய்யும் மென்பொருளான கோடோ. அது கட்டற்ற மென்பொருள், எம்.ஐ.டி. உரிமத்தில் வருவது, ஒரே ஒரு கோப்பு. கைட் (கேரள அரசின் பள்ளிக் கணினிக் கல்வி நிறுவனம்) அமைத்துத் தந்த லினக்ஸில் கடவுச்சொல் கேட்காமலே ஓடும். ஆனால் பென் டிரைவிலிருந்தபடியே திறக்கப் பார்த்தால் பெரும்பாலும் திறக்காது. ஹோம் கோப்புறைக்கு நகலெடுத்து, கோப்பின் பண்புகளில் ‘நிரலாக இயக்க அனுமதி’ என்பதை டிக் செய்ய வேண்டும். இந்த ஒரு டிக் தெரியாமல் காலை நேரம் முழுக்கப் போய்விடும்.

புதுத் திட்டம் திறக்கும்போது ரெண்டரர், அதாவது படத்தைத் திரையில் வரையும் முறை, எது என்று கேட்கும். தானாக நிற்பது ஃபார்வர்ட் பிளஸ். அதற்கு வல்கன் என்ற புதிய வரைகலை முறை வேண்டும், பழைய மடிக்கணினியில் அது திணறும் அல்லது திறக்கவே செய்யாது. கம்பாட்டிபிலிட்டி என்பதைத் தேர்ந்தால் அதைவிடப் பழைய ஓபன்ஜிஎல் 3.3 இருந்தால் போதும், வலைக்கு ஏற்றுமதி செய்யவும், அதாவது ஆட்டத்தை உலாவியில் ஓடும்படி மாற்றவும், அதுவே வேண்டும். அந்த மாற்றத்துக்கு வேண்டிய ஏற்றுமதி டெம்ப்ளேட் என்பது தனிக் கோப்பு. கோடோ எடிட்டரைவிடப் பல மடங்கு பெரியது, கிட்டத்தட்ட ஒரு ஜி.பி. வரும். எடிட்டர் 4.3 என்றால் டெம்ப்ளேட்டும் 4.3-ஆகவே இருக்க வேண்டும்; ஒரு புள்ளி மாறினாலும் ஏற்காது. மலையில் ஞாயிறு மதியம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதை இறக்குவது நடக்கிற காரியமில்லை. முன்கூட்டியே பென் டிரைவில் இருக்க வேண்டும்.

இனி அந்த இரண்டு நாள். சனி 9.30-க்குத் தலைப்பு. அதன்பின் முக்கால் மணி நேரம் கணினியைத் தொடக்கூடாது, தாளும் பென்சிலும் மட்டும். தாளில் ஒரே வாக்கியம் எழுத வேண்டும்: ஆடுபவர் என்ன செய்கிறார், எப்போது தோற்கிறார். உதாரணமாகத் தலைப்பு ‘விழுவது’ என்று வைப்போம். “மேலிருந்து இலை விழும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருக்கும் கொழுந்தை மட்டும் கூடையில் பிடிக்க வேண்டும், முற்றல் இலை மூன்று சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது.” முதல் ஜாமுக்கு இது போதும், நிறைவாகவும் வரும். எஸ்டேட் முழுக்கச் சுற்றலாம், யானை வரும், கடை இருக்கும், நண்பர்களோடு ஆன்லைனில் ஆடலாம் என்று எழுதிய தாளைக் கனிவோடு திருப்பிக் கொடுத்து, அதில் ஒன்றை மட்டும் வட்டமிடச் சொல்ல வேண்டும். உடனிருக்கிற டீச்சர் அந்த இரண்டு நாளில் செய்யும் ஆகப்பெரிய உதவி இதுதான். நிரல் தெரியாதவர்களும் செய்யலாம்.

சனி மதியச் சாப்பாட்டுக்குள் ஆட்டம் ஓட வேண்டும். படம் வேண்டாம், சாம்பல் நிறச் சதுரங்கள் போதும். சதுரம் நகர வேண்டும், இன்னொன்றைத் தொட வேண்டும், தோற்க வேண்டும், ஒரு விசையை அழுத்தினால் மறுபடி தொடங்க வேண்டும். மறுதொடக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் அநேகமாக அதைச் செய்வதே இல்லை. படம் வரைவதை முதலில் எடுப்பது இன்னொரு பொறி. அழகான கூடையை மூன்று மணி நேரம் வரைந்தபின், ஆட்டம் சரிப்படவில்லை என்று தெரிந்தாலும் அதைக் கைவிட மனம் வராது. சதுரத்தை யாரும் தயங்காமல் அழிப்பார்கள்.

படம் பிற்பகலில். 16-க்கு 16 பிக்சல் போதும். கோடோ அதைப் பெரிதாக்கும்போது மங்கலாக்கும். டெக்ஸ்சர் ஃபில்டரை நியரஸ்ட் என்று மாற்றினால் கூர்மையாக நிற்கும். வரைய வராதவர்களுக்குக் கென்னியின் இலவசப் படத் தொகுப்புகள் உண்டு, அவை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்கிற சி.சி.0 உரிமத்தில் இருப்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒலிக்கு எஸ்.எஃப்.எக்ஸ்.ஆர், 2007-இல் ஒரு லூடம் டேருக்காகவே எழுதப்பட்ட சிறு கருவி அது, பொத்தானை அழுத்தினால் குதிக்கிற ஒலி, காசு விழுகிற ஒலி என்று வரும். கூகுளில் எடுத்த படமும் சினிமாப் பாட்டும் கண்டிப்பாக வேண்டாம். பிறர் உழைப்பைக் கேட்டு எடுக்கிற பழக்கம் பதினான்கு வயதில் வந்தால் நல்லது.

எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறோம், உடனிருப்பவர் கையில் இருக்கட்டும்.

ஒரு கணினியில் சரியாக ஓடிய ஆட்டம் இன்னொன்றில் பாதி வேகத்தில் ஓடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரை ஒருமுறை வரையப்படுவது ஒரு ஃப்ரேம்) 5 பிக்சல் நகர்த்தினால், நொடிக்கு 60 ஃப்ரேம் வரும் கணினியில் 300 பிக்சல் போகும், 30 வரும் கணினியில் 150. நொடிக்கு 300 என்று எழுதி டெல்டாவால், அதாவது முந்தின ஃப்ரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்க வேண்டும். இதைக் கற்ற பிள்ளை அடுத்து எல்லா இடத்திலும் டெல்டாவைப் போடும். ஆனால் பாத்திரத்தை நகர்த்தும் கோடோ கட்டளையான மூவ் அண்ட் ஸ்லைடு தன் வேகத்தைத் தானே டெல்டாவால் பெருக்கிக்கொள்கிறது. அதற்குக் கொடுக்கும் வேகத்தையும் பெருக்கினால் பாத்திரம் நத்தை மாதிரி ஊரும்.

தமிழ் எழுத்து இன்னொன்று. பிள்ளைகள் ஆட்டத்துக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. கணினியில் சரியாகத் தெரிந்த தமிழ் உலாவியில் வெறும் கட்டங்களாக வரும். கணினியில் கோடோ அமைப்பின் எழுத்துருவை இரவல் வாங்குகிறது, உலாவியில் அந்த இரவல் கிடைக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே போட்டுத் தீமில் (ஆட்டத்தின் தோற்ற அமைப்பில்) சேர்த்தால் தீர்ந்தது. கோடோ 3 வேண்டவே வேண்டாம்; அதில் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கும். நான்காம் பதிப்பில்தான் இது சரியானது.

வலைக்கு ஏற்றுமதி செய்த ஆட்டத்தை இரட்டை க்ளிக் செய்து திறந்தால் ஓடாது. பிள்ளைகள் உடைந்துவிட்டது என்று அழுகிற இடம் இது. ஒன்றும் உடையவில்லை, அதற்கு ஒரு சர்வர் வேண்டும். எடிட்டரிலேயே உலாவியில் ஓட்டிப் பார்க்கும் பொத்தான் இருக்கிறது. விளையாட்டுகளைப் பகிரும் இட்ச் தளத்தில் ஏற்றும்போது முகப்புக் கோப்பின் பெயர் ‘இண்டெக்ஸ்’ (index.html) என்று இருக்க வேண்டும், அதை ஜிப்பின் மேல்மட்டத்தில் வைக்க வேண்டும். வீட்டு விண்டோஸ் கணினியில் தொட்டுத் திருத்துகிறவர்கள் கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே வைக்கட்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸும் வலையும் விடாது. உலாவி முதல் க்ளிக் வரும்வரை ஒலியை அனுமதிக்காது என்பதால் ‘தொடங்கு’ பொத்தான் ஒன்று அவசியம்.

இத்தனையும் தெரிய வேண்டுமானால் ஏற்றுமதியைக் கடைசி அரைமணிக்கு வைக்கக்கூடாது. சனி மாலையே சதுரங்களோடு ஒருமுறை ஏற்றுமதி செய்து பார்த்துவிட வேண்டும். ஞாயிறு 12 மணிக்கு மேல் புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது, பழுது பார்ப்பது மட்டும். அப்போது இருக்கை மாறி உட்கார்ந்து ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் ஆடட்டும். செய்த பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கலாம், வாய் திறக்கக்கூடாது. நூறு முறை ஆடியவருக்குச் சுலபமாக இருப்பது புதியவருக்கு முதல் மூன்று நொடியில் முடிந்துவிடும், அதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது, பார்த்தால்தான் தெரியும். எங்களைக் கேட்டால் இரண்டு நாளில் மிக விலைமதிப்புள்ள அரைமணி நேரம் இதுதான்.

கரண்ட் போகும். மணிக்கொரு முறை திட்டக் கோப்புறையை முழுதாகப் பென் டிரைவில் நகலெடுத்து 1, 2, 3 என்று எண் போட்டு வைக்க வேண்டும். பழையதன்மேல் புதியதை எழுதக்கூடாது.

முதல் பரிசு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். முடித்த எல்லோருக்கும் ஒரே சான்றிதழ். ஞாயிறு 3 மணிக்கு ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம், பெற்றோர் வந்து ஆடிப் பார்க்கட்டும். “ஏற்கெனவே போனே கதி, இதில் இதுவும் வேறயா” என்று கேட்கிற அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. அவரையே அந்தக் கூடை ஆட்டத்தின் முன் உட்கார வையுங்கள். இன்னும் ஒரு முறை ஆடத் தூண்டுவது எந்த இடத்தில், எப்படி வைக்கப்படுகிறது என்பதை மகளே அவருக்கு விளக்குவாள்.

பத்தாம் வகுப்புக்கு ஜனவரிக்கு மேல் வேண்டாம், ஜூன், ஜூலை மழையில் பஸ் நிச்சயமில்லை. ஓணம் விடுமுறைக்குப் பின் வருகிற வாரங்கள் தோதானவை. உங்களிடம் கேட்பது ஒரு நாளைக்கு ஒரு டீச்சர், ஒரு பெற்றோர், ஓடுகிற பத்து மடிக்கணினி, இரண்டு பேருக்கு ஒன்று வீதம். கட்டணம் யாரிடமும் இல்லை. மதியச் சோற்றைப் பி.டி.ஏ. பார்த்துக்கொண்டால் டீயும் பென் டிரைவும் எங்கள் பொறுப்பு. தேதியை முடிவு செய்யும் பள்ளிக்கு, கோடோ, டெம்ப்ளேட், எழுத்துரு, படத் தொகுப்பு எல்லாம் ஏற்றிய பென் டிரைவை முந்தின வியாழனே அலுவலகத்தில் தந்துவிடுகிறோம். வெள்ளி மாலை பூட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் அறையில் விட்டால் பத்துக் கணினியிலும் அந்த டிக்கைப் போட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
மூணாறு, குமுளி, கம்பம் பக்கத்துக் கேம் டெவலப்பர்கள் சிலர்