பாப்பாவுக்கு, போர்ட் லூயில இருந்து அம்மா

பாப்பா, நல்லா இருக்கியா. மூணு ஞாயித்துக்கிழமையா உன் போன் வரலை, பரீட்சை பேப்பர் திருத்தற வேலை இருக்கும்னு அப்பா சொல்றார், இருக்கும். பாரிஸ்ல குளிர் இன்னும் விடலையாமே, காதை மூடிக்கிட்டு வெளிய போ, ராத்திரி வெறும் பாலைக் குடிச்சுட்டு படுக்காதே. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு. சித்தி பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு, அதை அப்புறம் எழுதறேன்.

டிசைன் படிக்கிற பிள்ளைங்களுக்கு நம்ம கோலம், காவடி, கோவில் போர்டு எழுத்து எல்லாத்தையும் பாடமா வைக்கப் போறேன்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு அதே நினைப்புதான். கோவில்ல பார்க்கறவங்க கிட்டயெல்லாம் சொல்லிட்டேன். ஆனா நீ ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா பழைய தைப்பூச நோட்டீஸெல்லாம் எடுத்து வச்சிருப்பேன், எல்லாத்தையும் கடைசி நேரத்துலதான் கேக்கற.

பிள்ளைங்களுக்கு முதல்ல நம்ம மொரீஷியஸ் ரூபா நோட்டைக் காட்டு, உன் பர்ஸ்ல ஒரு நூறு ரூபா வச்சிருப்பியே. இங்கிலீஷுக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தின்னுதான் எப்பவும் இருந்தது. 1998ல வந்த புது நோட்டுல இந்தி மேல ஏறி தமிழ் கீழ போயிடுச்சு. நம்ம ஜனங்க எப்படிக் கொதிச்சாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பொண்ணு. கடைசியில பேங்க் அந்த நோட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டு 1999ல சரியா அடிச்சு விட்டுது. தமிழ் பேசத் தெரியாத கிழவிங்க கூட அந்த நோட்டைக் கையில வாங்கி எங்க தமிழ்னு தேடிப் பார்த்தாங்க பாப்பா, நானே பார்த்தேன்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு போஸ்டர் அடிக்கப் போன இடத்துல கம்ப்யூட்டர்ல 'கோவில்'னு போட்டா கொம்பு 'க'வுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்குது. அந்தப் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவனுக்கு அது சரியாத்தான் தெரியுது. நீ முன்ன சொன்னியே, பக்கம் அமைக்கிற அந்த இன்டிசைன் சாப்ட்வேர்ல நம்ம எழுத்துக்கு வேர்ல்ட் ரெடி கம்போசர்னு ஒரு செட்டிங் இருக்குன்னு, அதுக்கு மாத்தச் சொன்னேன், உடனே கொம்பு இடத்துக்கு வந்துடுச்சு. என் பொண்ணு சொல்லிக்குடுத்ததுன்னு சொன்னேன். உன் பிள்ளைங்களுக்கு இதையும் சொல்லு. ஆனா கோலத்தைக் கம்ப்யூட்டர்ல ஆரம்பிக்க விடாதே, முதல்ல கையால புள்ளி வைக்கச் சொல்லு, தரையில உக்காந்து வைக்கட்டும்.

அப்பாயி கோல நோட்டைத்தான் நீ மறுபடி மறுபடி கேக்கற. பெலால் புயல் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப போயிடுச்சுன்னு சொன்னேன். அது பொய். 2021ல டைல்ஸ் மாத்தினப்ப பழைய காலண்டர், பேப்பரோட சேர்த்து நான்தான் குப்பை லாரியில போட்டேன். தெரியாம போடலை, எடுத்துப் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்.

கும்பகோணத்துல இருந்து கல்யாணமாகி வந்த நாள்ல இருந்தே எனக்கு ஒரு கர்வம். அவங்களுக்குத் தமிழ் ஒரு வரி படிக்க வராது, நோட்டுல கோலத்துக்குப் பக்கத்துல எல்லாம் இந்த ஊர்ப் பேச்சான கிரியோல்ல எழுதி வச்சிருப்பாங்க, நான் தமிழ் டீச்சர். இதெல்லாம் ஊர்க் கோலம் இல்ல, தப்புத்தப்பா கலந்து கெடக்குன்னு நினைச்சேன். உன்னையும் அப்படித்தான் திட்டினேன், அப்பாயி மாதிரி போடாதே, நான் போடற மாதிரி போடுன்னு. நீ எட்டு வயசுல அந்த நோட்டு மேல விரலை வச்சு கோடு எங்க போகுதுன்னு தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்ப்ப, நான் பிடுங்கி வச்சுடுவேன். இப்ப நீ அதையே கிளாஸ்ல வைக்கணும்னு கேக்கறப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை, தண்ணி மேல பழியைப் போட்டுட்டேன். அப்பாவுக்குக் கூடத் தெரியாது.

நீ போன் பண்ணாததுக்கு இதுதான் காரணமான்னு கேக்க மாட்டேன். சாப்பிடு, காதை மூடிக்கோ.

நேத்து வாசல்ல அப்பாயி தீபாவளிக்குப் போடற அந்தப் பெரிய சிக்குக் கோலத்தைப் போட்டுப் பார்த்தேன், 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரைக்கும். புள்ளி சரியாத்தான் வந்தது. அவங்களுக்கு ஒரே கோட்டுல சுத்தி வந்து சேர்ந்துடும், எனக்கு மூணு கோடா பிரிஞ்சு நிக்குது, நாலு தடவை அழிச்சேன். போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். நடுவுல எந்த இடத்துல கோடு திரும்பும்னு உன் விரலுக்கு ஞாபகம் இருந்தா சொல்லு பாப்பா, மாவு கரைச்சு வச்சிருக்கேன்.

அம்மா